விடுமுறைக்கு ஆதாரம்

லீவு எடுக்காமல் ஒரு மனிதப் பிறவி எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய விரும்பினால், நேராக அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகலாம். முன்பக்கம் கண்ணாடி அலமாரி, விளக்கு, சுழல் நாற்காலி என்று கடை கல்யாண வீடுபோல ஜொலிக்கும். அதில் மயங்காமல் திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஓர் ஆள் உள்ளே இருந்தால் இன்னோர் ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய முடியும் என்கிற அளவில் ஓர் அறை. அங்கே தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சாணைச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, வட்ட லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துக்கொண்டிருப்பவள்தான் பெரியவள். வீட்டில் மூத்த பெண் என்பதால் அந்தப் பெயர். மற்றபடி அவளை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கடையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் லீவு போட்டதில்லை. காய்ச்சல் வந்தால் காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். தங்கைக்குக் கல்யாணம் நடந்த அன்று விடியற்காலையில் வந்து ஓர் அவசர லென்ஸ் ஜோடியை வெட்டிக் கொடுத்துவிட்டு, நகத்திடுக்கில் வெள்ளைத் துகளோடு போய் மணமேடையில் நின்றாள். கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி போன் செய்வார். "ஒரே ஒரு ஜோடிதாம்மா" என்பார். இவள் வந்து சேர்வதற்குள் அந்த ஒரு ஜோடி பிள்ளைகுட்டிகளோடு பெரிய குடும்பமாகியிருக்கும்.

முதலாளிக்கு இதில் பெருமை தாங்காது. "லீவுன்னா என்னன்னே தெரியாது சார் அதுக்கு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அவளை அப்படிப் பெற்று வளர்த்ததே அவர்தான் என்பது போலிருக்கும், சொல்கிற தொனி.

இப்பேர்ப்பட்ட பெண், வேலையும் விடுமுறையும் சேர்ந்த ஒரு விசாவுக்கு விண்ணப்பிப்பது என்று ஒருநாள் முடிவு செய்தாள். கீறல் விழுந்த லென்ஸை மாற்ற வந்த ஒரு பெண்தான் இதற்குக் காரணம். வெளிநாட்டில் ஒரு வருஷம் சுற்றிவிட்டு வந்தவளாம். கொஞ்ச நாள் பழம் பறித்தாளாம், கொஞ்ச நாள் ஓட்டலில் பாத்திரம் தேய்த்தாளாம், மீதி நாளெல்லாம் மலை, ஏரி, கடற்கரை என்று ஊர் சுற்றினாளாம். காத்திருந்த நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவள் அன்றைக்கு அந்த லென்ஸை வழக்கத்தைவிட மெதுவாகத் தேய்த்தாள்.

விசாவுக்கு ஒரு வயது வரம்பு உண்டு. முப்பத்தொன்று பிறந்துவிட்டால் விண்ணப்பத்தையே வாங்காமல் கதவைச் சாத்திவிடுவார்கள். பெரியவளுக்கு முப்பத்தொன்று பிறக்கச் சில வாரங்களே இருந்தன. அதனால் கேட்பதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான். 'இல்லை' என்று பதில் வந்துவிட்டால், மறுபடி கேட்க வயது இருக்காது.

விஷயத்தை வீட்டில் சொன்னாள்.

"வேலைக்குப் போறியா, லீவுக்குப் போறியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுடி" என்றாள் அம்மா.

"ரெண்டுக்கும்தாம்மா. சுத்திப் பாக்கத்தான் போறது. செலவுக்கு நடுவுல கொஞ்சம் வேலை பாத்துக்கலாம்."

"அதைத்தானே இங்கயும் பண்ணிட்டிருக்கே?"

"இங்க சுத்திப் பாக்கறது எங்கம்மா இருக்கு?"

"கடைக்குப் போயிட்டு வர வழியெல்லாம் கண்ணை மூடிக்கிட்டா வர்றே?"

அம்மாவோடு பேசி ஜெயித்தவர்கள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

அடுத்து வந்தார் சித்தப்பா. அப்பா காலமான பிறகு அந்த வீட்டின் வெளியுறவுத் துறை அவரிடம்தான் இருந்தது. ஒரு கப்பல் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் அவர் பல காலம் கணக்கெழுதியவர். கப்பலை நேரில் பார்த்ததில்லை. அதற்காக வெளிநாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னவர்கள் வீட்டுக்கு அவர் போவதில்லை.

விண்ணப்பத்தை ஆதியோடந்தமாகப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் இருக்கு. ஆனா பலம் இல்லை. உன் முதலாளிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிச் சேரு."

"அவங்க லெட்டர் கேக்கவே இல்லையே சித்தப்பா."

"கேக்காததைக் குடுக்கறதுதான் மரியாதை. வெளிநாட்டுக்காரனுக்கு உழைக்கிற ஆளைக் கண்டா உசிரு. நீ எப்பேர்ப்பட்ட உழைப்பாளின்னு அவனுக்குத் தெரியணுமா வேண்டாமா?"

"லீவுக்குன்னு குடுக்கற விசா சித்தப்பா இது."

"பேருக்கு அப்படிப் போட்டிருப்பான். அவன் மனசு எனக்குத் தெரியும்."

வெளிநாட்டுக்காரன் மனசு தெரிந்த ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசுவதாவது! பெரியவள் முதலாளியிடம் போய் நின்றாள். அவர் முதலில் அதிர்ந்தார், பிறகு கண் கலங்கினார், பிறகு 'ஒரு வருஷம்தானே?' என்று கேட்டுவிட்டு இன்னொருமுறை அதிர்ந்தார். ஆனால் மனிதர் பெருந்தன்மைக்காரர். கடையை விற்பனைப் பையனிடம் விட்டுவிட்டு, கண் பரிசோதனை செய்யும் இருட்டறைக்குள் போய் உட்கார்ந்து, எழுத்துப் பலகையின் வெளிச்சத்திலேயே எழுதி முடித்தார்.

அந்தக் கடிதம் ஒரு காவியம். "இந்தப் பெண் இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. ஓய்வு என்ற எண்ணமே இவள் மனத்தில் உதித்ததில்லை. கேளிக்கை, சுற்றுலா முதலிய கெட்ட பழக்கங்கள் இவளிடம் கிடையாது. சொந்தத் தங்கையின் திருமணத்தன்றும் இவள் பணிக்கு வந்தாள். உங்கள் நாட்டிலும் இவள் இப்படியே இருப்பாள் என்று உறுதியளிக்கிறேன்."

வீட்டில் அதைச் சித்தப்பா எழுந்து நின்று வாசித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பலம்னா இதுதான் பலம்" என்று சொல்லிவிட்டு, மற்ற காகிதங்களுக்கெல்லாம் முதல் காகிதமாக அதை வைத்து, தன் கையாலேயே கணினியில் ஏற்றி அனுப்பினார் சித்தப்பா. பெரியவளுக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. ஆனால் தன்னை இவ்வளவு பாராட்டி அவள் கேட்டதே இல்லை. பாராட்டைத் தடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

பதில் வந்தபோது அவள் சாணையில் இருந்தாள். மடியில் இருந்த போன் நடுங்கியது. ஒரு கையால் எடுத்துப் படித்தாள்.

"இந்த விசாவின் முதன்மை நோக்கம் விடுமுறை. வேலை அதற்குத் துணை மட்டுமே. நீங்கள் இணைத்துள்ள கடிதத்தின்படி, நீங்கள் விடுமுறை எடுத்ததாகவோ அதில் விருப்பம் உள்ளவர் என்றோ தெரியவில்லை. உங்கள் நோக்கம் விடுமுறைதான் என்பதை விளக்கி, தகுந்த ஆதாரத்துடன் பதில் அனுப்பவும்."

படித்து முடித்தபோது இன்னொரு கையில் இருந்த லென்ஸ் அளவுக்கு மேல் தேய்ந்துபோயிருந்தது. ஃபிரேமில் வைத்துப் பார்த்தாள். மறுபக்கம் விழுந்து, மேஜையில் உருண்டு, தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் கையில் வீணான முதல் லென்ஸ் அது.

அன்று மாலை வீட்டில் அவசரக் கூட்டம்.

"இது அந்த நாட்டுக்காரன் கேட்ட கேள்வியே இல்லை" என்றார் சித்தப்பா. "அங்க நம்மாளு எவனாவது வேலைக்கு இருப்பான். அவன்தான் நாம முன்னேறக் கூடாதுன்னு பண்றான்."

"சித்தப்பா, லெட்டரைச் சேருன்னு சொன்னது நீங்க."

"லெட்டர் எழுதுங்கன்னுதான் சொன்னேன். உண்மையெல்லாம் எழுதுங்கன்னா சொன்னேன்?"

தங்கை பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தவள் ஒரு யோசனை சொன்னாள். "உன் முதலாளி கூப்பிடாத ஞாயித்துக்கிழமைகள்ல நாம எல்லாரும் கடற்கரைக்குப் போனோமே, மலைக்குப் போனோமே. அந்தப் போட்டோவை எல்லாம் அனுப்பிடலாம்க்கா."

நல்ல யோசனைதான். எல்லோருடைய போனையும் வாங்கித் தேடினார்கள். கடற்கரையில் அம்மா இருந்தாள், சித்தப்பா இருந்தார், தங்கையும் மாப்பிள்ளையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு இருந்தார்கள். யாரென்றே தெரியாத ஒரு நாய்கூட நாலு படங்களில் இருந்தது. பெரியவள் மட்டும் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தது அவள்தான்.

கடைசியில் தங்கை ஒன்றைக் கண்டுபிடித்தாள். "இதோ! மலையில எடுத்தது. எங்க வீட்டுக்காரரு எடுத்தாரு."

எட்டிப் பார்த்தார்கள். பின்னால் பனிமூட்டமும் பள்ளத்தாக்குமாக இயற்கை தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தது. முன்னால் ஒரு பாறையில் உட்கார்ந்து, வாயில் ஒரு குட்டித் திருகாணியைக் கவ்வியபடி, சித்தப்பாவின் கண்ணாடிக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்தாள் பெரியவள்.

"சிரிச்ச மாதிரிதான்க்கா இருக்கு" என்றாள் தங்கை, தன் குரலிலேயே நம்பிக்கை இல்லாமல்.

"திருகாணி விழுந்துடுமோன்னு பல்லைக் கடிச்சிட்டிருக்கேன்டி."

மறுநாள் முதலாளியிடம் போனாள். கடிதத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதித் தர முடியுமா, எப்போதாவது லீவு எடுத்திருக்கிறாள் என்று ஒரு வரி போட முடியுமா என்று கேட்டாள். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நீ லீவு எடுத்தேன்னு நான் கையெழுத்துப் போடறதா? என் கையாலயா?"

"ஒரு வரிதான் சார்."

"லீவு எடுக்காதது அந்த ஊர்ல குத்தமாம்மா? என்ன ஊரு அது?" சொல்லிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இல்லாம, அப்படி ஒரு லெட்டர் இந்தக் கடையில இருக்குன்னு மத்தவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. உன்னைக் காட்டித்தானே நான் எல்லாரையும் வாயடைச்சு வெச்சிருக்கேன்."

பெரியவளுக்கு அன்றுதான் தன்னுடைய உண்மையான வேலை என்னவென்று விளங்கியது. லென்ஸ் வெட்டுவதெல்லாம் உப தொழில்.

"அப்ப எனக்கு ஒரு நாள் லீவு குடுங்க சார். எடுத்து, அதையே ஆதாரமா அனுப்பிக்கறேன்."

முதலாளி மேஜைக் காலண்டரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு, உடம்பின் ஒரு பாகத்தை வெட்டிக் கொடுப்பவர்போல, "எடுத்துக்க" என்றார். "ஆனா போனை ஆஃப் பண்ணிடாதே."

லீவு நாள் விடிந்தது. பெரியவளிடம் தெளிவான திட்டம் இருந்தது. ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்குப் பஸ்ஸில் போவது, கரையில் உட்கார்வது, யாரையாவது விட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொல்வது, சாயங்காலம் திரும்பி வருவது. முந்தைய நாளே உடுப்பைத் தேய்த்து வைத்திருந்தாள்.

காலைக் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதமே சரியில்லை.

"இன்னிக்கு லீவுதானே?"

"ஆமாம்மா. ஏரிக்குப் போறேன்."

"போ, போ. யார் வேண்டாம்னா? சும்மாதானே இருக்கே, போறதுக்கு முன்னாடி அந்தப் போர்வையை மட்டும் அலசிப் போட்டுட்டுப் போயிடு. எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு."

போர்வை அலசி முடிவதற்குள் தங்கை வந்தாள். "அக்கா, சும்மாதானே இருக்கே? இவனைக் கொஞ்சம் பாத்துக்கோ. இதோ வந்துடறேன்." குழந்தையைக் கைமாற்றிவிட்டுப் போனவள் அந்த 'இதோ'வை எங்கேயோ தொலைத்துவிட்டாள். குழந்தை தூங்கிய நேரத்தில் சித்தப்பா வந்தார். அவருக்கு வங்கியில் ஒரு வேலை. அங்கே உள்ள இயந்திரம் அவருடைய விரலை ஏற்றுக்கொள்வதில்லையாம், கூட ஒரு ஆள் வேண்டுமாம். "லீவுன்னு கேள்விப்பட்டேன்" என்று தொடங்கினார்.

வங்கி வரிசையில், தோளில் குழந்தையும் பக்கத்தில் சித்தப்பாவுமாக நின்றபோது முதலாளி போன் செய்தார். சின்னத் திருப்புளி எங்கே என்று கேட்டார். பிறகு சாணைத் தண்ணீரை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். பிறகு தண்ணீர் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று தகவல் சொன்னார். அதற்கடுத்த அழைப்பில், ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை என்று சொல்லி, அந்த வாடிக்கையாளரிடமே போனைக் கொடுத்துவிட்டார்.

"எந்தப் பக்கம்ங்க சரியுது?" என்று பெரியவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "யாரும்மா அது? லீவு அன்னிக்குக்கூட விட மாட்டேங்கறான்!" என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார். கையில் இருந்த இன்னும் இரண்டு காகிதங்களை அவளிடம் நீட்டிக்கொண்டே கோபித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஏரிக்குப் போகும் கடைசி பஸ் போயிருந்தது. கொடியில் காய்ந்த போர்வையை எடுத்து மடிக்கப் போனவள் மடிக்கவில்லை. அதைக் கட்டிலில் வீசினாள். பெரியவள் ஒரு பொருளை வீசி அந்த வீடு பார்த்ததில்லை. அம்மா சமையலறை வாசலில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் இருந்த கணினி முன்னால் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். பெரியவள் அங்கே போய் நின்றாள். "நகருங்க சித்தப்பா" என்றாள். அவரும் என்ன நினைத்தாரோ, நகர்ந்தார்.

"ஐயா அல்லது அம்மா" என்று தொடங்கினாள். "என் முதலாளி எழுதிய கடிதம் முழுக்க உண்மை. நான் விடுமுறை எடுத்ததில்லை. உங்கள் கேள்விக்குப் பிறகு இன்று முதல்முறையாக ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். அந்த விடுமுறையில் நான் செய்தவை பின்வருமாறு." அதற்குக் கீழே போர்வை, குழந்தை, வங்கி, திருப்புளி, தண்ணீர், வாடிக்கையாளரின் மூக்கு என்று நடந்தது நடந்தபடி எழுதினாள். கோபத்தில் எழுதியதால் ஒரு சொல்கூட வீணாகவில்லை. கடைசியில் இப்படி முடித்தாள்: "எனக்கு விடுமுறையில் விருப்பம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருக்கும் இடத்தில் அது கிடைப்பதில்லை. கிடைக்கும் இடமாகப் பார்த்துத்தான் உங்களிடம் விண்ணப்பித்திருக்கிறேன். பாத்திரம் தேய்க்கவும் பழம் பறிக்கவும் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நான் வருவது அதற்காக இல்லை. ஏரிக்கரையில் உட்கார வருகிறேன்." ஆதாரமாக, அன்று பகலில் போனில் வந்த அழைப்புகளின் வரிசையைப் படம் பிடித்து இணைத்தாள்.

அனுப்புவதற்கு முன்னால் சித்தப்பா கனைத்தார். "எதுக்கும் ஒருதரம் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிடு. வெளிநாட்டு விவகாரம் பாரு."

வாசித்தாள். குழந்தையைக் கூட்டிப்போக அப்போதுதான் வந்திருந்த தங்கையும் கேட்டாள், அம்மாவும் கேட்டாள். முடிந்ததும் தங்கை குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

கடைசியில் அம்மாதான் வாயைத் திறந்தாள். "நான் ஒரு போர்வைதான் அலசச் சொன்னேன். நீ மூணுன்னு எழுதியிருக்கே."

"மூணு அலசினேம்மா."

"சொன்னது ஒண்ணு. மத்த ரெண்டும் நீயா எடுத்துப் போட்டது. என்னை எதுக்கு அந்த நாட்டுல கொடுமைக்காரி ஆக்கறே?"

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். தொட்டியில் இடமிருக்கிறதே என்று மற்ற இரண்டையும் அவளேதான் போட்டாள். அம்மா சொன்னது ஒன்று, தானாகச் செய்தது இரண்டு என்று திருத்தினாள். திருத்தியதைப் படித்தபோது கோபம் கொஞ்சம் இறங்கி, அதைவிடச் சங்கடமான ஒன்று மேலே வந்தது.

"பாங்குல எனக்கு உதவி பண்ணினதை 'மூத்த குடிமகனுக்குச் சேவை'ன்னு போடலாமே" என்றார் சித்தப்பா.

பெரியவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

முப்பத்தொன்றாவது பிறந்தநாள் வந்து போனது. பதில் வரவில்லை. சித்தப்பா அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டு, வேறு பேச்சு எடுக்கும்போதெல்லாம் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மட்டும் பழையபடி உற்சாகமாகிவிட்டார்.

பிறகு ஒரு பகல் பொழுதில் வந்தது. விசா அளித்திருக்கிறோம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே நிபந்தனைகள். பெரியவள் சாணையை நிறுத்தி, கையைத் துடைத்து, திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போய் போனை முதலாளியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். நிபந்தனைகள் வந்ததும் முகம் மாறியது.

"என்னம்மா இது? ஒரே முதலாளிகிட்ட ஆறு மாசத்துக்கு மேல வேலை பாக்கக் கூடாதாமே!"

"ஆமா சார்."

"ஆறு மாசத்துல ஒரு முதலாளி மேல எப்படிம்மா பாசம் வரும்?"

"வராம இருக்கத்தான் சார் அப்படிப் போட்டிருப்பாங்க."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அந்த நாட்டின் எதிர்காலத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் கவலைப்பட்டார். பிறகு மனிதர் சமாளித்துக்கொண்டு, நல்ல விதமாகவே, "ராத்திரி விமானமா?" என்று கேட்டார்.

"ராத்திரிதான் இருக்கும் சார்."

"அப்ப அன்னிக்குப் பகல் பூரா ஃப்ரீதானே? காலையில ஒரு எட்டு வந்து, இருக்கற ஜோடியை எல்லாம்..."

"வர மாட்டேன் சார்."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரிபார்ப்பதற்காக இன்னொருமுறை சொன்னாள்.

"வர மாட்டேன்."